சுனைக் கோதுமை

மேல்வயலில் அந்த வருடம் கோதுமை இடுப்பளவு நின்றது. அதைப் பார்க்கப் பக்கத்து மலைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்துபோனார்கள். வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிச் சொல்லி ஜெசிந்தாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அப்படி ஒரு கூட்டத்துக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தபோதுதான் கீழேயிருந்து அக்கா ரெஜினா போனில் கூப்பிட்டாள்.

"ஜெசி, ஊத்து நின்னுபோச்சுடி. சொட்டுகூட இல்ல. நீ வந்து பாரு."

ரெஜினா வாழ்க்கைப்பட்ட ஊர் கீழ்ச்சுனை. மேல்வயலுக்கு நேர் கீழே, அதே மலைச்சரிவில் இருந்தது. ஊருக்குப் பெயர் கொடுத்ததே பாறையடியில் ஊறும் அந்தச் சுனைதான். குடிக்க, துவைக்க, வயலுக்குப் பாய எல்லாமே அந்த ஒன்றுதான். மழை பொய்த்த வருடங்களில்கூட அது நின்றதில்லை. இந்த வருடம் மழை நன்றாகவே பெய்திருந்தது.

வட சமவெளியில் குளிர்காலம் சுருங்கிப்போய்க் கோதுமை பால் பிடிப்பதற்குள் வெயில் தீய்க்க ஆரம்பித்த பிறகு, கோதுமை மெல்ல மெல்ல மலையேறிவிட்டிருந்தது. கொடைக்கானல் மலையின் மேற்குப் பக்கத்துப் படிவயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டவர்கள் எல்லாம் கோதுமைக்கு மாறினார்கள். மலையில் நிலம் குறைவு. தண்ணீர் அதைவிடக் குறைவு. அதனால்தான் வேர்வலை வந்தது.

அதை மேல்வயலில் பதித்தவள் ஜெசிந்தா. மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் முடியைப்போல மெல்லிய குழாய்களால் பின்னிய வலை. தாகம் எடுத்த வேர் மண்ணில் ஒருவிதச் சாற்றைக் கசியவிடும். அந்தச் சாறு பட்ட இடத்தில் மட்டும் குழாயின் கண் திறக்கும். வேர் குடித்து முடித்ததும் மூடிக்கொள்ளும். உரமும் அதே வழிதான். கிளைத்துத் தூர் கட்டும் நேரத்தில் பயிர் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு. மிச்சம் என்று ஒன்று இல்லவே இல்லை.

வருகிறவர்களுக்கு அவள் வழக்கமாகச் சொல்லுவாள். "வாய்க்கால் வெட்டிப் பாத்தியில பாய்ச்சுனா பாதித் தண்ணிக்கு மேல மண்ணுக்குள்ள எறங்கி வீணாப் போயிரும். போட்ட உரத்தையும் கரைச்சு இழுத்துக்கிட்டுப் போயிரும். தெளிப்புல காத்து கொஞ்சம் கொண்டுபோயிரும். சொட்டுநீர் தேவல. இதுல எதுவுமே போகாது."

நாலு வருடமாக அது அப்படியேதான் நடந்தது. முன்பு பாய்ந்ததில் மூன்றில் ஒரு பங்குத் தண்ணீரில் முழு விளைச்சல். மிச்சமான தண்ணீரைக் கொண்டு ஓடைமேட்டில் புதிதாகப் படிகள் வெட்டினார்கள். கடல் ஏறி ஊரை இழந்து, கரையோரத்திலிருந்து மலைக்கு வந்திருந்த மீனவக் குடும்பத்தினர் அங்கே விதைத்தார்கள். வலை வீசிய கைகள் கதிர் அறுக்கப் பழகிக்கொண்டதைப் பார்க்கும்போதெல்லாம் ஜெசிந்தாவுக்கு நெஞ்சு நிறைந்துபோகும்.

மறுநாள் காலையில் அவள் கீழே இறங்கினாள்.

சுனையைச் சுற்றி ஊரே நின்றது. பாறையடியில் பச்சைப் பாசி காய்ந்து, தொட்டால் பொடிந்தது. வயல்களில் பால் பிடிக்க வேண்டிய கதிர்கள் வெளுத்துச் சாய்ந்திருந்தன. யாரும் அவளிடம் சத்தம் போடவில்லை. கீழ்ச்சுனை ஊராட்சித் தலைவி வேலுத்தாய் மட்டும் முன்னால் வந்தார். அறுபது வயதிருக்கும். வயல் வேலை செய்து உரமேறிய உடம்பு.

"மூணு வருசமா மெலிஞ்சுக்கிட்டே வந்துச்சும்மா," என்றார். "வானம் கொறையுதுன்னு நெனச்சோம். இந்த வருசம் வானம் கொறை வைக்கலையே. அப்பொறம் எங்க போச்சு?"

ஜெசிந்தா பாறையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, சரிவுக்கு மேலே அடுக்கடுக்காக நின்ற மேல்வயலின் பச்சையைப் பார்த்தாள். மண்ணுக்குள் இறங்கி வீணாகப் போகிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! இறங்கி எங்கே போகிறது என்று ஒரு நாளும் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

"பெரியம்மா," என்றாள். "இது மழைத்தண்ணி மட்டும் இல்ல. நாங்க மேல வயல்ல பாய்ச்சுனதுல கசிஞ்சு எறங்குன தண்ணி. இப்போ அங்க ஒரு சொட்டுகூடக் கசியறதில்ல."

"யாரு நிப்பாட்டுனது?"

"நான்தான்."

ரெஜினா தங்கையின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். கையைப் பிடிக்கவில்லை. ஆனால் பக்கத்தில் நின்றாள்.

அந்த வருடம் கீழ்ச்சுனையில் அறுவடை இல்லை. ஒரு விளைச்சல் போனது மட்டுமல்ல அவர்களுக்கு வருத்தம். அந்த ஊர்க் கோதுமைக்குத் தனிப்பெயர் உண்டு. மேல்வயல்காரர்கள் மூட்டை மூட்டையாக உரம் போட்ட காலத்திலும் கீழ்ச்சுனைக்காரர்கள் ஒரு கைப்பிடி போட்டதில்லை. போடாமலே அவர்கள் கோதுமை மேலே விளைந்ததுக்குச் சமமாக விளைந்தது. எங்கள் மண் அப்படி என்பார்கள். உரம் தொடாத சுனைக் கோதுமை என்று பட்டணத்தில் தேடி வாங்கினார்கள். அந்தப் பெயரை நினைத்து ஊரில் எல்லாருக்குமே கொஞ்சம் நிமிர்ந்த நடைதான்.

பங்குனியில் இரண்டு ஊரும் மேல்வயல் களத்தில் கூடின. மேல்வயல் விவசாயச் சங்கத் தலைவர் சவரிராயன் பேச்சை ஆரம்பித்தார். நல்ல மனிதர்தான், ஆனால் கணக்கில் கறார்.

"தங்கச்சி சொல்றத ஒத்துக்கிறேன்," என்றார். "பழையபடி பாய்ச்சுனா ஊத்து வரும். ஆனா அந்தத் தண்ணி இப்போ சும்மா கெடக்கலையே. ஓடைமேட்டுல அதை நம்பி ஒரு ஊரே குடியிருக்கு. அவங்கள மறுபடியும் எங்க போகச் சொல்றது?"

"வலைய எடுக்க வேண்டாம் அண்ணே," என்றாள் ஜெசிந்தா. "விதைக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ, எல்லாப் படியிலயும் பழைய மாதிரி நெறைய தண்ணி கட்டுவோம். உரம் இல்லாம வெறும் தண்ணி. அது எறங்கி ஊத்துக்குப் போகும். அப்பொறம் பயிருக்கு வலையே குடுக்கட்டும்."

"அதுக்கே ஓடைமேட்டுத் தண்ணியில காவாசி போயிருமே."

களத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஓடைமேட்டுக்காரர்கள் தங்களுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், மரியசூசை என்பவர், எழுந்தார்.

"எங்க ஊருக்குத் தெக்கால துறைமுகத்துக்குக் கல்லு கொட்டுனாங்க," என்றார். "அங்க கரை நின்னுச்சு. இங்க எங்க கரை போச்சு. கொட்டுனவங்களுக்கு எங்க மேல ஒரு கோவமும் இல்ல. எங்களப் பத்தி அவங்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்போ இவங்களப் பத்தி எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே. நாங்க காவாசிப் படிய விதைக்காமப் போட்டுர்றோம்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஆனால் மறுத்துப் பேசவில்லை. சவரிராயன் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ மேல்வயலும் ஆளுக்கொரு படி விடட்டும். நாங்க மட்டும் நோகாம இருக்கக் கூடாதுல்ல," என்றார்.

ஐப்பசியில் தண்ணீர் கட்டினார்கள். பல வருடங்களுக்குப் பிறகு மேல்வயலின் படிகளெல்லாம் கண்ணாடிபோல வானத்தைக் காட்டின. வேர்வலையைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம் ஏதோ பெரும் உடைப்பு என்று நினைத்து ஓயாமல் எச்சரித்துக்கொண்டே இருந்தது. ஜெசிந்தா அதன் வாயை அடைத்துவிட்டுத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும் சத்தத்தைக் கேட்டாள்.

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் சுனை ஊறத் தொடங்கியது. முதலில் பாறை வேர்த்தது. பிறகு நூல்போல இறங்கியது. பிறகு விரல் பருமன். ரெஜினா குடத்தோடு முதல் ஆளாக நின்றாள். வேலுத்தாய் சுனைக்கு முன்னால் சூடம் கொளுத்தி வைத்தார். வந்திருந்த மேல்வயல்காரர்களுக்கு எல்லார் வீட்டிலும் சாப்பாடு. சவரிராயன் மூன்று வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏறமுடியாமல் ஏறினார்.

கதை அத்தோடு முடிந்திருக்கலாம்.

மார்கழியில் கீழ்ச்சுனைக் கோதுமை மஞ்சளானது. அடியிலைகள் நுனியிலிருந்து வெளுத்து வந்தன. ஒரு பயிரில் நாலைந்து தூர் வெடிக்க வேண்டிய இடத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மண் ஈரமாகத்தான் இருந்தது.

"தண்ணி வந்துருச்சே, இன்னும் என்னடி?" என்றாள் ரெஜினா.

ஜெசிந்தா ஓர் இலையைக் கிள்ளிக் கைக்கருவியில் வைத்துப் பார்த்தாள். இன்னொரு வயலில் பார்த்தாள். சுனைத் தண்ணீரையும் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதை எப்படிச் சொல்வது என்று விளங்கவில்லை. வேலுத்தாயின் வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்தாள். களை எடுத்துக்கொண்டிருந்த வேலுத்தாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. நீ உக்காந்த வெதமே சரியில்ல."

"தழைச்சத்து இல்ல பெரியம்மா. பயிரு பசியா இருக்கு."

"எங்க மண்ணுக்கு என்னைக்கும் உரம் போட்டதில்லையே."

"நீங்க போடல. நாங்க போட்டோம். மேல போட்ட உரத்துல பாதி, தண்ணியோட கரைஞ்சு இங்கதான் வந்துச்சு. இத்தன வருசமும் இந்த வயலுக்கு அதுதான் சாப்பாடு. இப்போ வர்றது வெறும் தண்ணி."

வேலுத்தாய் கையிலிருந்த களையின் வேரிலிருந்து மண்ணைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்போ எங்க மண்ணு..." என்றார்.

"சாதாரண மண்ணுதான் பெரியம்மா. மோசமில்ல."

"ஊரெல்லாம் பீத்திக்கிட்டுத் திரிஞ்சோமே." அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "சரி, போனது போகட்டும். அடுத்த வருசம் தண்ணியோட உரத்தையும் கலந்தே விட்டுருங்க. பழையபடி இருந்துட்டுப் போறோம். நாங்களா போட்டாத்தான ஊரு பேரு கெடும்," என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சாகிவிட்டது. மேலே கலந்து விடட்டும். யாருக்கும் தெரிய வேண்டாம். செய்வதும் எளிது. ஜெசிந்தாவே இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தாள். எவ்வளவு உரம் கலந்தால் கீழே எவ்வளவு வரும் என்று தெரிய, பழைய தண்ணீர் கொஞ்சம் கிடைத்தால் நல்லது. கீழ்ச்சுனைச் சிற்றாலயத்தின் பின்னால் மூடிக் கிடந்த சிமெண்டுத் தொட்டி ஒன்று நினைவுக்கு வந்தது. புதுத் தொட்டி கட்டிய பிறகு அதை யாரும் திறக்கவில்லை. வேர்வலைக்கு முந்தைய காலத்துச் சுனைத் தண்ணீர் அதன் அடியில் முழங்காலளவு இருந்தது. உர உப்பின் அளவைக் காட்டும் சோதனைத் தாள் ஒன்றை அதில் நனைத்து எடுத்தாள்.

தாள் இளஞ்சிவப்பாகும் என்று எதிர்பார்த்தாள். கருஞ்சிவப்பானது.

அந்தத் தண்ணீரைப் பெரியவர்கள் குடித்தால் வெளியே தெரியாது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பாலில் கலந்தால் அதன் ரத்தம் மூச்சைச் சுமக்க மறந்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். கீழ்ச்சுனையில் அப்படிப் போன பிள்ளைகள் உண்டு. இருதயத்தில் ஓட்டை என்றார்கள், காற்று அடித்துவிட்டது என்றார்கள். நாலு வருடமாக அப்படி ஒரு பிள்ளையும் போகவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அப்படிப் போனவர்களில் ஒருத்தி ரெஜினாவின் மகள். மூன்று மாதம்கூட நிறையவில்லை. ஸ்டெல்லா என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சொல்லாமலும் இருக்கலாம். வேறேதாவது காரணம் காட்டி உரம் கலப்பதைத் தட்டிக்கழிக்கலாம். ஆனால் ஒரு ஊரே பசித்த பயிரைப் பார்த்துக்கொண்டிருக்கிறபோது அரைகுறைக் காரணம் எத்தனை நாள் நிற்கும்? அடுத்த வருடம் நிற்காது. அதற்கடுத்த வருடம் ஒரு தொட்டில் கட்டுவார்கள்.

அவள் நேரே அக்காவின் வீட்டுக்குப் போனாள். ரெஜினா அடுப்படியில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து தானும் உரித்தாள். உரித்துக்கொண்டே சொன்னாள். இடையில் நிறுத்தாமல், முகத்தைப் பார்க்காமல், முழுவதையும் சொன்னாள்.

ரெஜினாவின் கை நின்றுவிட்டது.

"எனக்குப் பால் ஊறல," என்றாள். "அதான் புட்டி."

"தெரியும்க்கா."

"தண்ணிய அப்படியே குடுக்கலடி. நல்லாக் கொதிக்க வச்சு, பாதியா வத்துற வரைக்கும் காய்ச்சித்தான குடுத்தேன்."

காய்ச்சக் காய்ச்ச அந்த உப்பு அடர்த்தியாகும் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டாள். அதன் பிறகு எந்த நாளிலும் அவள் அதைச் சொல்லவில்லை.

"நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டக்கா," என்றாள்.

ரெஜினா அழவில்லை. தட்டை எடுத்து வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டாள். "வா," என்றாள். "உரத்தப் பத்திப் பேச வேலுத்தாய்ப் பெரியம்மா ஊரக் கூட்டுறதுக்குள்ள நாம போய்ருவோம். நீ பேசாத. நான் சொல்றேன்."

சுனைக்கு முன்னால் ஊர் கூடியது. ரெஜினா கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கொஞ்சம் கத்தியே பேசினாள். "எம்பிள்ள எப்படிப் போச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். ஏன் போச்சுன்னு இன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு," என்று ஆரம்பித்தாள். தங்கை சொன்னதைத் தன் வார்த்தையில் சொன்னாள். சொல்லச் சொல்லக் கூட்டத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பி நின்று, பாறையைப் பார்த்தார்.

"அந்த விளைச்சல் எனக்கு வேண்டாம்," என்று முடித்தாள் ரெஜினா. "உங்களுக்கு வேணும்னா நீங்க முடிவு பண்ணுங்க."

யாரும் முடிவு பண்ணவில்லை. பண்ண வேண்டியிருக்கவில்லை. வேலுத்தாய் ஜெசிந்தாவைப் பார்த்து, "வெறுந்தண்ணியில என்னம்மா வெளையும்?" என்று மட்டும் கேட்டார்.

"கோதுமையே வெளையும் பெரியம்மா. கொறச்சலா. ஒரு வருசம் பட்டாணி, ஒரு வருசம் கோதுமைன்னு மாத்திப் போடுங்க. பட்டாணி வேரு மண்ணுக்குச் சத்துச் சேர்க்கும். மேல்மண்ணுல மட்டும், தண்ணியில கரைஞ்சு எறங்காத அளவுக்கு. ஆனா நாளாகும்."

"எவ்வளவு நாளு?"

"தெரியல," என்றாள் ஜெசிந்தா. எதையும் தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள் அவள்.

இரண்டு வருடம் கஷ்டமாகத்தான் போனது. முதல் வருடம் மஞ்சள் பயிரையே அறுத்தார்கள். அடுத்த வருடம் பட்டாணி. மேலேயிருந்து சவரிராயன் விதை அனுப்பினார். ஓடைமேட்டிலிருந்து மரியசூசையின் மனைவி, யாரும் கேட்காமலே, ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து வரப்பு வெட்டிக் கொடுத்தாள். சிலர் ஊரைவிட்டுப் போனார்கள். போனவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

மூன்றாம் வருடம் மறுபடியும் கோதுமை. கதிர் குட்டை, மணி சின்னது. ஆனால் பயிர் பச்சையாக நின்று முற்றியது. பங்குனியில் களத்தில் குவித்து வைத்திருந்தபோது பழைய வியாபாரி வண்டியோடு வந்தார். சுனைக் கோதுமையை வருடக்கணக்காகப் பட்டணத்துக்குக் கொண்டுபோன மனிதர். குவியலில் கைவிட்டு ஒரு பிடி எடுத்தார். ஊதினார். நாலைந்து மணியை வாயில் போட்டு மென்றார். முகம் மாறியது.

"என்னம்மா இது?" என்றார் வேலுத்தாயிடம்.

"சுனைக் கோதுமைதான்."

"எங்கிட்டயேவா? முப்பது வருசமா இந்த ஊரு கோதுமைய மென்னு பாத்தவன் நான். மணி இப்படியா இருக்கும்? அந்த ருசியும் இல்ல. வெளியூருச் சரக்க வாங்கிக் கொட்டி வச்சிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க, உரம் போட்டு வெளைஞ்சதுதானே?"

களத்தில் நின்றவர்கள் எல்லாரும் வேலுத்தாயின் வாயையே பார்த்தார்கள். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இதுல உரம் இல்லய்யா," என்றார். "நீங்க முன்னாடி வாங்கிட்டுப் போனீங்களே, அதுலதான் இருந்துச்சு."

வியாபாரி அதை வேடிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். பிறகு கோபப்பட்டார். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, காலி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வளைவுக்கு வளைவு அதன் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை. "நான் பட்டணத்துல பேசிப் பாக்கறேன் பெரியம்மா. ஆய்வு பண்ணி, எழுதி வாங்கி..."

"இருடி," என்றாள் ரெஜினா.

அவள் குவியலுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் அள்ளி, விரலிடுக்கில் வழியவிட்டுப் பார்த்தாள். சின்னச் சின்ன மணிகள், செம்மண் நிறத்தில்.

"எத்தன வருசமா நம்ம கோதுமை நம்ம கோதுமைன்னோம்," என்றாள். "இப்போதான் மொதல் தடவையா வெளைஞ்சிருக்கு. முதல்ல நாம தின்னு பாப்போம்."

வேலுத்தாய் சிரித்துவிட்டார். யாரோ முறத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ரெஜினா புடைக்க ஆரம்பித்தாள். ஜெசிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கினாள்.